மேலாடையின் இடது ஓரம்

எம்போலி,
ஆண்டவர் விண்ணேறிய திருநாளுக்கு மறுநாள்.

அன்பு மகன் வியேரிக்கு உன் தாய் செல்வாஜ்ஜா ஆசீர் கூறி எழுதுவது.

உன் மனைவி தியனோரா என்னை மாடி அறையில் பூட்டி வைத்திருக்கிறாள் என்று உன் பெரியப்பா மகன் பிந்தோ உனக்கு எழுதியிருக்கிறான். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. என் ஜன்னலுக்குக் கீழே நின்று, தெரு முழுவதும் கேட்கும்படி, "லியோனுக்கு எழுதிட்டேன் சித்தி, கவலைப்படாதீங்க, வியேரி வந்து உங்களை மீட்டுடுவான்" என்று கத்திவிட்டுப் போனான். அது தவறு. என்னை யாரும் பூட்டவில்லை. பூட்டச் சொன்னது நான். சாவி நோய்த்தடுப்பு அதிகாரியிடம் இருக்கிறது. தியனோரா அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அதே கடிதத்தில், நான் கஞ்சத்தனத்தால் மாதா சுரூபத்தின் மேலாடைக்கு ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கொடுத்தேன் என்றும், அதிலிருந்துதான் தெருவுக்கு மறுபடி நோய் வந்தது என்றும் எழுதியிருப்பான். விரிப்பு என்பதும் தவறு. ஆனால் அதை அதிகாரியிடம் சொன்னவள் நானே. ஊர் என்னைக் கஞ்சப் பிசினாரி என்று பேசட்டும், பொறுத்துக்கொள்வேன். நீ அப்படி நினைக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் வீட்டுச் செய்தி. கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது. மலையடி நிலத்தில் ஆலிவ் பூத்திருக்கிறது. காற்று அடிக்காமல் இருந்தால் பிழைக்கும். குத்தகைக்காரன் பாஸ்காத் திருநாளுக்கு ஆட்டுக்குட்டி அனுப்பவில்லை. நோய் வீட்டுக்கு எப்படி அனுப்புவது என்று பயந்தானாம். அவன் பயம் அவரைக்காய் மூட்டை வாங்க வரும்போது மட்டும் காணாமல் போய்விடும். கீழ்க்கட்டில் சமையற்காரி இருக்கிறாள், தியனோரா இருக்கிறாள். இருவரும் நலம். தியனோராவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ திராட்சை அறுவடை முடிந்து வந்தபோது வீடு எப்படி இருந்தது என்று நினைவிருக்கும். உன் குழந்தை ஜெம்மா கொள்ளைநோயில் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நாற்பது நாள் அடைப்பு முடிந்து கதவைத் திறந்திருந்தார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த வாசனைகூடப் போகவில்லை. உன் மனைவி குழந்தையின் கட்டில் இருந்த இடத்தைச் சுற்றி நடப்பாள், கட்டில் இன்னும் அங்கேயே இருப்பதுபோல. அதைப் பார்த்துத்தான் நீ சிற்பி நோஃப்ரியிடம் போய், படுக்கையறைக்கு ஒரு மாதா சுரூபம் செய்யச் சொன்னாய். நான் பளிங்கில் வேண்டும் என்றேன். பளிங்கு நம் வீட்டுச் சுவர் தாங்காது என்றாய். சுட்ட மண்ணிலாவது இருக்கட்டும் என்றேன். அதற்கும் நோஃப்ரி சூளை உடைந்து கிடக்கிறது என்று சாக்குச் சொன்னான். கடைசியில் அவன் இஷ்டப்படிதான் ஆயிற்று.

நீ கிறிஸ்துமஸுக்கு முன்பே புறப்பட்டுவிட்டாய். அதனால் முடிந்த வேலையை நீ பார்க்கவில்லை. பாப்லர் மரப் பலகை ஒன்று. அதிலிருந்து பாதி உடம்பு எழும்பி நிற்கிறது. மாதாவின் முகமும் குழந்தை சேசுவின் முகமும் அச்சில் வார்த்த சுண்ணச்சாந்து. தலைமுடி சணல் நார். ஒளிவட்டம் தகரத்தில் பொன் பூசியது. கழுத்துப் பதக்கம் கண்ணாடித் துண்டு. குழந்தையின் கால்களுக்குக் காகிதக் கூழ் வேண்டும் என்று நோஃப்ரி கேட்டபோது, உன் அப்பாவின் பழைய பத்திர நகல்களில் எலி கடித்தவற்றை மூட்டை கட்டிக் கொடுத்தேன். ஊரில் பாதிப் பேருடைய வரப்புச் சண்டை இப்போது நம் ஆண்டவரின் முழங்காலாக இருக்கிறது. உன் அப்பா இருந்தால் சிரித்திருப்பார். கதம்பச் சோறு மாதிரி இருக்கிறதே என்று நான் நோஃப்ரியிடம் சொன்னேன். அவன், "நீங்களும் நானும் மட்டும் என்னம்மா, எலும்பு, தோல், முடின்னு கதம்பம்தானே?" என்றான். பதில் சொல்லத் தெரிந்தவன். வேலையும் தெரிந்தவன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். தினமும் அந்த முகத்தோடு ஒரே அறையில் இருக்கிறேன். இதுவரை ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

மேலாடைதான் விஷயம். அது சாந்தில் செய்ததல்ல. உண்மையான துணியைக் கொதிக்கும் தோல் பசையிலும் சாந்துக் குழம்பிலும் முக்கி, ஈரத்தோடு பலகைமேல் போர்த்தி, விரலால் மடிப்பு மடிப்பாக எடுத்துக் காயவைத்து, மேலே நீலம் தீட்டியது. துணி வீட்டுக்காரர் கொடுக்க வேண்டும். நான் புதுத் துணி ஒரு சுருள் எடுத்து வைத்தேன். நோஃப்ரி வேண்டாம் என்று தலையாட்டினான். "புதுத் துணி முறைச்சுக்கிட்டு நிக்கும்மா, புது மாப்பிள்ளை மாதிரி. பத்து வருஷம் துவைச்ச துணிதான் சொன்ன பேச்சு கேக்கும்." எல்லாப் பட்டறையிலும் அதுதான் வழக்கம். ஆகவே பழைய துணி கொடுத்ததில் கஞ்சத்தனம் இல்லை. இது உனக்குத் தெரிந்தால் போதும், பிந்தோவுக்கு எழுதாதே.

எந்தத் துணி என்று தேடிக் கொடுக்கும் பொறுப்பைத் தியனோரா எடுத்துக்கொண்டாள். அவளாக ஒன்றைச் செய்ய முன்வந்ததே பெரிது என்று நான் தலையிடவில்லை. அவளுக்கு ஒரு விரிப்பைக்கூட முனையோடு முனை சேர்த்து மடிக்கத் தெரியாது என்பது உனக்கே தெரியும். பரவாயில்லை என்று விட்டேன்.

மெழுகுவர்த்தித் திருநாளன்று சுரூபம் வந்தது. பங்குச் சாமியார் வந்து மந்திரித்தார். அன்றிலிருந்து தியனோரா தூங்கினாள். சாப்பிட்டாள். காலையிலும் மாலையிலும் மேலாடையின் இடது ஓரத்தில், மாதாவின் மணிக்கட்டுக்குக் கீழே, முத்தம் வைப்பாள். தெருப் பெண்களும் வரத் தொடங்கினார்கள். அவள் முத்தம் வைத்த இடத்திலேயே அவர்களும் வைத்தார்கள். நீலம் அங்கே கொஞ்சம் தேய்ந்துகூட விட்டது.

தவக்காலத்தில் பக்கத்து வீட்டுப் பீப்பாய்க்காரன் மனைவி பிப்பாவுக்குப் பிரசவ வலி வந்தது. நம் தெரு வழக்கப்படி சுரூபத்தைக் கேட்டு ஆள் அனுப்பினாள். பிள்ளை பெறும் பெண்ணின் கட்டிலருகே மாதா நிற்க வேண்டும் என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. கொடுத்தேன். பெண் குழந்தை. இருவரும் நலம். சுரூபம் திரும்பி வந்தபோது மெழுகுவர்த்திப் புகை படிந்திருந்தது. தண்ணீர் படக் கூடாது என்று நோஃப்ரி எச்சரித்திருந்ததால் வாத்து இறகால் மெல்லத் துடைத்தேன். அந்தத் தேய்ந்த இடத்துக்கு வந்தேன். நீலத்துக்கு அடியில் துணி ஓரம் தெரிந்தது. அதில் தையல் தெரிந்தது.

வியேரி, மடத்தில் மதர் உம்பெர்த்தா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஓரத்தையல் அது. ஓரத்தை இரண்டு முறை சுருட்டி, ஊசியைச் சாய்த்து விட்டு, ஒவ்வொரு தையலையும் திரும்ப ஒருமுறை பிடிக்க வேண்டும். இந்த ஊரில் அப்படித் தைப்பவள் நான் ஒருத்திதான். மற்றவர்களுக்குப் பொறுமை கிடையாது. அந்தத் தையலை நான் இந்த வீட்டில் இரண்டே இரண்டு துணிகளுக்குப் போட்டேன். என் பழைய முக்காட்டுத் துணியை வெட்டி ஜெம்மாவுக்குத் தைத்த இரண்டு உள்சட்டைகளுக்கு. அந்தத் துணி நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து துவைத்தது. குழந்தையின் தோலுக்கு உறுத்தாது என்றுதான் அதை எடுத்தேன்.

அந்த இரண்டு சட்டைகளும் வாசலில் எரிந்துவிட்டன என்று நான் நினைத்திருந்தேன். இறந்தவர் துணி ஒரு நூல்கூட மிஞ்சக் கூடாது என்பது கட்டளை. தலையணை, மெத்தை, அவள் துணிப் பொம்மை எல்லாம் போயிற்று. நான் நின்று பார்த்தேன்.

தியனோராவை அழைத்து, இறகை அந்த இடத்தில் வைத்துக் காட்டினேன். அவள் மறுக்கவில்லை. அழவும் இல்லை. "ஆமா அத்தை. ஒண்ணை எரிச்சாங்க. ஒண்ணு நம்மகிட்ட இல்லை, மதில் வெளியில சலவைக்காரிகிட்ட இருந்துச்சு. காய்ச்சல் வர்றதுக்கு முந்தியே போட்டது. கதவு திறந்தப்புறம் கொண்டுவந்து கொடுத்தா. நான் என்ன செய்ய? அடுப்புல போடவா?" என்றாள். அதிகாரியிடம் கொடுத்திருக்க வேண்டும் என்றேன். "குடுத்தா எரிச்சிருப்பாங்க. மாதாகிட்ட குடுத்தேன். அவங்க போட்டுக்கிட்டாங்க" என்றாள்.

நான் அறைந்திருக்க வேண்டுமா, கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. இறகை மேசையில் வைத்துவிட்டு, போய் அவரைக்காய் உரி என்றேன்.

அப்போதே நான் ஏதாவது செய்திருக்கலாம் என்று நீ சொல்வாய். சலவைக்காரி சொன்னது உண்மையானால் அந்தச் சட்டையை நோய் தொடவே இல்லை. கொதிக்கும் பசையில் முக்கியது வேறு. என் அறிவுக்கு அது போதுமானதாக இருந்தது. பிறகு புனித வாரத்தில் பிப்பாவின் மூத்த மகனுக்குக் காய்ச்சல் கண்டது. அக்குளில் கட்டி. பெரிய வெள்ளிக்கு மறுநாள் அவன் போய்விட்டான். பாஸ்கா மணி அடித்தபோது அந்த வீட்டுக் கதவில் பலகை அறைந்துகொண்டிருந்தார்கள். இரண்டு சத்தமும் ஒன்றாகக் கேட்டது. பிப்பாவின் கைக்குழந்தை உள்ளே இருந்தது.

ஊர் காரணம் தேடியது. அந்த வீட்டுக்குள் புதிதாகப் போய் வந்தது எது? நம் சுரூபம். அதில் துணி இருக்கிறது என்பதை நோஃப்ரியின் பட்டறைப் பையன்கள் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தார்கள். பாஸ்கா வாரத்தில் அதிகாரி இரண்டு காவலரோடு வந்தார். மூக்கில் வினிகர்ப் பஞ்சு. பூசாமல் விட்டிருந்த அடிப்பக்கத்தில் ஊசியால் குத்திப் பார்த்தார். நோஃப்ரியையும் அழைத்து வந்திருந்தார்கள். "கொதிக்கிற பசையிலய்யா முக்கினேன். நோய் என்ன, பேயே இருந்தாலும் வெந்து போயிருக்கும்" என்று அவன் மன்றாடினான். "பேய் சாமியாரோட வேலை. துணி என் வேலை" என்றார் அதிகாரி. மேலாடையை மட்டும் உரித்து எடுக்க முடியுமா என்று கேட்டார். நோஃப்ரி முடியாது என்றான். மரம், சாந்து, கூழ் மூன்றையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பதே அந்தத் துணிதான். அதை இழுத்தால் கழுத்து வரும், கை வரும், பிள்ளை வரும்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பி, துணி யாருடையது என்று கேட்டார். தியனோரா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வாய் திறக்கப்போவதைப் பார்த்தேன். துணியை மறைத்தவர்களுக்கு என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். போன கோடையில் ஊர்வாயிலில் ஒரு நெசவாளியைக் கைகளைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். பெண் என்று பார்க்கவில்லை. நான் முந்திக்கொண்டு, "என்னுடையது. என் படுக்கை விரிப்பு. பழையது, வீணாக்க வேண்டாம் என்று கொடுத்தேன்" என்றேன். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நோட்டரி வீட்டம்மாவா இப்படி?" என்றார். ஆமாம் என்றேன். சட்டையைப் பிரித்துத் துண்டாகத்தான் தியனோரா கொடுத்திருந்தாள், அதனால் நோஃப்ரியும் மறுக்கவில்லை.

அது பொய். சாமியாரிடம் சொல்லிவிட்டேன், தண்டனையும் பெற்றுக்கொண்டேன். அதைப் பற்றி நீ பேச வேண்டாம்.

விரிப்பானாலும் எரிக்கத்தான் வேண்டும் என்றார் அதிகாரி. மந்திரித்த சுரூபத்தைக் குப்பைபோல் எரிக்கக் கூடாது என்றார் சாமியார். இருவரும் கூடத்தில் நின்று வாதாடினார்கள். அப்போது நான் சொன்னேன்: மனிதர்களுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? நாற்பது நாள் அடைத்து வைத்துப் பார்க்கிறீர்கள், பிழைத்தால் விடுகிறீர்கள். இந்த மாதாவையும் அடையுங்கள். ஆனால் மரப்பலகைக்குக் காய்ச்சல் வராது, அதனால் என்னையும் சேர்த்து அடையுங்கள். தெருப் பெண்கள் முத்தம் வைத்த அதே இடத்தில் நான் காலையும் மாலையும் முத்தம் வைக்கிறேன். எனக்கு நோய் வந்தால் இந்த மாதாவை எரியுங்கள். வராவிட்டால் என் மருமகளின் கட்டிலருகே திருப்பி வையுங்கள்.

அதிகாரி சிரித்தார். சாமியார் சிரிக்கவில்லை. மறுநாள் ஒப்புக்கொண்டார்கள்.

இதுதான் நடந்தது. பின்பக்கத்துக் களஞ்சிய அறைக்குத் தனி மாடிப்படி இருப்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பூட்டுக்கு வெளியே மேயோ என்ற காவலன் உட்கார்ந்திருக்கிறான். கூடையில் கயிறு கட்டி ரொட்டி வரும், சூப் வரும். என் கடிதங்களை அவன் இடுக்கியால் வாங்கி, வினிகர் தெளித்து, புகை காட்டி அனுப்புவான். அவனுக்கு எழுத்து தெரியாது. அதனால்தான் இவ்வளவு திறந்து எழுதுகிறேன். நாள் முழுவதும் பாடுகிறான், அதுவும் அபஸ்வரமாக. நிறுத்தச் சொன்னால், "நீங்க உள்ள செபம் சொல்றீங்க, நான் வெளியில பாடறேன், யாருக்குப் பலன்னு பாப்போம் பெரியம்மா" என்கிறான்.

தியனோரா தினமும் முற்றத்தில் வந்து நிற்பாள். நேற்று சூப்பைத் திருப்பி அனுப்பினேன். "என்ன அத்தை, தொடக்கூட இல்லையே! உடம்புக்கு என்ன?" என்று கீழிருந்து அலறினாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, சூப்பில்தான் உப்பில்லை என்றேன். "உப்புப் போட்டா தாகம் எடுக்கும்னு போடலை!" "தாகம் எடுத்தால் குடிக்க எனக்குத் தெரியும்." மேயோ நடுவில் புகுந்து, "ரெண்டு பேருக்கும் வேண்டாம்னா நான் குடிச்சுக்கறேன்" என்றான். அவள் சிரித்துவிட்டாள். ஜெம்மா போனபிறகு அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

அவள் உனக்கு எழுதியிருக்க மாட்டாள், ஆகவே நான் எழுதுகிறேன். ஜூலையில் உனக்கு ஒரு பிள்ளை பிறக்கும். இந்த விஷயம் முடியும்வரை உனக்குச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. அந்தச் சுரூபம் கட்டிலருகே இல்லாமல் பெற மாட்டேன் என்கிறாள். பிள்ளை அவள் சம்மதம் கேட்டுக்கொண்டா வரும் என்று நான் திட்டினேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. ஜெம்மாவை இன்னொரு முறை வாசலில் எரிக்கச் சொல்வதாகத்தான் அவள் நினைக்கிறாள். சென்ற முறை தீயில் பாயப் போனவளைக் காவலர்கள் பிடித்துக்கொண்டார்கள். இம்முறை பிடிக்க முடியாது.

நான் இங்கே புதுச் சட்டைகளுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருக்கிறேன். மேயோ அதைப் பார்த்துவிட்டு, "எதுக்குப் பெரியம்மா வீண் வேலை? இந்த ரூம்ல இருக்கற துணியெல்லாம் உங்க கூடத்தான் வெளிய வரும், இல்லேன்னா உங்க கூடத்தான் எரியும்" என்றான். எனக்கும் தெரியும். இருந்தாலும் தைக்கிறேன்.

என்னை வருத்துவது ஒன்றுதான். பிப்பா. நாற்பது நாள் கணக்கு முடிந்தும் அவள் வீட்டுக் கதவை அதிகாரி இன்னும் திறக்கவில்லை. களஞ்சிய அறையின் சிறு ஜன்னல் அவள் ஜன்னலைப் பார்த்திருக்கிறது. ஒவ்வொரு காலையும் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே வருவாள். "மோன்னா செல்வாஜ்ஜா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பாள். நன்றாக இருக்கிறேன் என்பேன். அவள் தலையசைப்பாள். ஆனால் உடனே போக மாட்டாள். நான் நலமாக இருந்தால் தன் மகன் எதனால் செத்தான் என்று அவளுக்கு ஒருபோதும் தெரியாது. நான் விழுந்தால் தெரிந்துவிடும். எந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கே விளங்குமா என்றும் தெரியவில்லை. நேற்று அவள் கேட்பதற்கு முன்னால் நானே, குழந்தை நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். கொழுகொழுவென்று இருக்கிறது. மூன்று நாள் அந்த மேலாடைக்கு ஒரு முழம் தள்ளிப் படுத்திருந்த குழந்தை அது. இதை நான் அதிகாரிக்குச் சொல்லி அனுப்பினேன். குழந்தைகள் விஷயத்தில் கடவுள் தன்னிஷ்டப்படி செய்வார் என்றார்.

இங்கே நிறுத்துகிறேன். வெளிச்சம் போய்விட்டது.

ஞாயிறு. பூசை மணி கேட்டது, ஜன்னலருகே முழந்தாளிட்டேன். கடிதத்தை மூடுவதற்குள் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. நேற்று மதியத்திலிருந்து தலை வலிக்கிறது. தெற்குக் காற்று அடிக்கிறது. அந்தக் காற்றில் எனக்கு எப்போதும் வலிக்கும், உன் அப்பா சாட்சி. தன் நெற்றியைத் தானே தொட்டால் சூடு தெரியாது என்பதால், ஜன்னல் இரும்புக் கம்பியில் நெற்றியை வைத்துப் பார்த்தேன். கம்பி குளிர்ச்சியாக இருந்தது. அது எதைக் காட்டுகிறது என்று எனக்கு நிச்சயமில்லை. மேயோவிடம் சொல்லவில்லை. பிப்பா கேட்டபோது நன்றாக இருக்கிறேன் என்றேன். கீழிருந்து அனுப்பிய சூப்பில் இன்று உப்பு சரியாக இருந்தது. முழுவதும் குடித்தேன்.

காலையிலும் முத்தம் வைத்தேன். அந்த இடத்தில் நீலம் முழுவதும் போய்விட்டது. என் தையல் நன்றாகத் தெரிகிறது. ஓர் இடத்தில்கூட நூல் விடவில்லை.

உன் பதில் எம்போலிக்கு வரும்போது இந்த நாற்பது நாள் முடிந்திருக்கும். நான் என் கட்டிலில் உட்கார்ந்து அதைப் படிக்கலாம், அல்லது வேறு யாராவது படிக்கலாம். எதுவானாலும் நீ செய்ய வேண்டியது ஒன்றேதான். கவனமாகக் கேள்.

அந்தச் சட்டை உண்மையில் சலவைக்காரியிடம் இருந்ததா, அல்லது காய்ச்சலில் கிடந்த குழந்தையின் உடம்பிலிருந்து கழற்றியதா என்று எனக்குத் தெரியாது. தியனோராவிடம் நான் ஒருமுறைதான் கேட்டேன். அவள் ஒரு பதில் சொன்னாள். இரண்டாம் முறை கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குப் பயம், அதனால் கேட்கவில்லை. மதில் வெளியே ஆள் அனுப்பிச் சலவைக்காரியிடம் விசாரித்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. நான் விழுந்தால் சுரூபத்தை எரிப்பார்கள், அதை யாரும் தடுக்க முடியாது. அப்போது நீ அவளைப் பார்த்து, என் தாயை எது கொன்றது என்று கேட்க நினைப்பாய். பிப்பாவும் கேட்பாள். பிந்தோ சந்தையில் நின்று கேட்பான். அவர்கள் எல்லோருக்கும் பதில் ஒன்றுதான்: கிழவி கஞ்சத்தனத்தால் பழைய விரிப்பைக் கொடுத்தாள். நீயும் அதைத்தான் சொல்ல வேண்டும். எல்லோர் முன்னாலும், உன் வீட்டுக்குள்ளும், உன் படுக்கையிலும்.

நான் நலமாக வெளியே வந்தாலும் இதுவேதான். கேட்காதே. பிள்ளை பிறந்தபிறகும் கேட்காதே. கோபம் வரும் நாளில் கேட்காதே.

நீ வாயால் சத்தியம் செய்வதை நான் நம்புவேன், ஆனால் உன் வாய் லியோனில் இருக்கிறது. ஆகவே அந்தச் சட்டையைப் பற்றித் தியனோராவிடம் ஒருபோதும் கேட்கமாட்டேன் என்று உன் கையால் எழுதி, முத்திரை வைத்து அனுப்பு. கடிதத்தை என் பெயருக்கு எழுது. நான் இல்லாவிட்டால் அவள் பிரிப்பாள்.

கடவுளும் அவருடைய தாயும் உன்னை எல்லாக் காய்ச்சலிலிருந்தும் காக்கட்டும். அங்கே குளிர் விடும்வரை கம்பளிச் சட்டையைக் கழற்றாதே.

பதில் எழுது.

உன் தாய்,
செல்வாஜ்ஜா